கூரையும் பாதையும்

தர்மபுரி மாவட்டத்தில், அரூருக்குத் தெற்கே, மேற்கில் சேர்வராயனையும் கிழக்கில் கல்வராயனையும் அண்டை வீட்டாராகக் கொண்டு எழுந்து நிற்கும் சித்தேரி மலை, நீலகிரியைப் போல உல்லாசப் பிரயாணிகள் தேடிச் செல்லும் ஸ்தலமும் அன்று. கொல்லிமலையைப் போலப் பழம்பாடல்களில் பிரசித்தி பெற்ற மலையும் அன்று. அடிவாரத்தில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டரும், சிகரங்களில் 1200 மீட்டருக்கு மேலும் உயரம் கொண்ட இத்தொடரில், சித்தேரி ஊராட்சிக்கு உட்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில், மலையாளிகள் என்று அரசாங்கப் பட்டியலில் பதிவாகியுள்ள பழங்குடி மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருகிறார்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து வெவ்வேறு மலைகளில் ஏறிய சகோதரர் மூவரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது இவர்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் ஐதிகம்.

கடுமையான இயற்கையை எதிர்த்து மனிதன் தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறான் என்ற பேச்சு எழுந்தவுடன், துருவப் பிரதேசத்தில் இறுகிய பனியைப் பாளம் பாளமாக அடுக்கி வீடு கட்டிய இன்யூட் ஜனங்களையோ, பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் அராபிய நாடோடிகளையோ நினைத்துக்கொள்வது நமக்கு வழக்கம். ஆச்சரியமான உதாரணங்கள்தாம், சந்தேகமில்லை. ஆனால் சித்தேரியைப் போன்ற ஒரு மலையில் இயற்கையின் கடுமை ஒரே ரூபத்தில் வருவதில்லை. சித்திரை வைகாசியில் பாறையைச் சுடவைக்கும் வெயிலாகவும், ஆடியில் கூரையைப் பிய்த்தெறியும் காற்றாகவும், ஐப்பசி கார்த்திகையில் நாட்கணக்கில் விடாத அடைமழையாகவும், மார்கழி தையில் எலும்பைத் தொடும் பனியாகவும், இவற்றுக்கு நடுவே கதிர் முற்றும் சமயம் பார்த்து வரும் காட்டுப்பன்றியாகவும், விறகு பொறுக்கப் போன இடத்தில் காலடியில் கிடக்கும் விரியனாகவும் அது பல வேஷங்களில் வந்து சேருகிறது. இத்தனைக்கும் ஈடுகொடுக்க ஓர் உபாயம் போதாது என்பதை அனுபவத்தால் அறிந்த மலைமக்கள், வீட்டையும் விதையையும் காவலையும் சுற்றத்தையும் ஒன்றோடொன்று பிணைத்து ஒரு முழு ஏற்பாடாகவே தங்களுக்கு அமைத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டை நாம் துண்டு துண்டாகக் கழற்றிவிட்டு, அதன் ஸ்தானத்தில் கான்கிரீட் கூரை ஒன்றை மட்டும் வைத்து, ரட்சணை முடிந்தது என்று கணக்கெழுதிக்கொள்கிறோம் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

பழைய வீட்டை முதலில் பார்ப்போம். மூங்கிலையும் மிலாறுகளையும் படலாகப் பின்னி, அதன் இருபுறமும் மண்ணைப் பூசி, சாணத்தால் மெழுகிய சுவர்; தரைமட்டத்திலிருந்து உயர்த்திய மேடை; அதன்மேல் காட்டுமரத்தால் ஆன கால்களும் விட்டமும்; அவற்றின்மேல் ஒரு முழக்கனத்துக்குக் குறையாமல் வேய்ந்த புற்கூரை. கூரையின் விளிம்பு, உள்ளே நுழைகிறவன் தலை குனிந்தே தீரவேண்டும் என்ற அளவுக்குத் தாழ்ந்திருக்கும். இதைக் கண்டு, நிமிர்ந்து நிற்கக்கூட வகையற்ற வறுமை என்று பரிதாபப்படும் சமவெளிக்காரன், மண்சுவருக்கு முதல் சத்துரு சாரல் என்பதையும், கூரை எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்குச் சுவர் நனையாமல் தப்புகிறது என்பதையும், ஆடிக்காற்று உயர்ந்த விளிம்பைத்தான் பிடித்துத் தூக்கும் என்பதையும் யோசிப்பதில்லை. மேடை உயர்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு: சரிவில் பெய்கிற மழை நின்று தேங்குவதில்லை, ஓடிவருகிறது, ஓடிவரும் தண்ணீருக்கு வழிவிட்டு விலகி நிற்பதைத் தவிர அதனிடமிருந்து தப்ப வேறு உபாயம் இல்லை.

புற்கூரையின் குணத்தைப் பௌதிக சாஸ்திரமும் ஆமோதிக்கிறது. காய்ந்த புல்லின் தாள்களுக்குள்ளும் அவற்றின் இடுக்குகளிலும் அடைபட்ட காற்று, வெப்பத்தை எளிதில் கடத்தாத வஸ்து. பகலில் வெயில் உள்ளே இறங்குவதையும், இரவில் அடுப்பின் உஷ்ணம் வெளியே போய்விடுவதையும் அது ஒருங்கே தடுக்கிறது. கான்கிரீட்டோ புல்லைக் காட்டிலும் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. பகல் முழுதும் குடித்த வெயிலை முன்னிரவில் உள்ளே இருப்பவர்மேல் கக்குவதும், பின்பனிக் காலத்து விடியற்காலையில் சில்லிட்டுப்போவதும் அதன் ஸ்வபாவம். ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஆறு ஆறரை பாகை என்ற கணக்கில் உஷ்ணம் குறைந்துகொண்டே போகும் மலையில், குளிரைப் பற்றிய இந்தக் கவலை ஊத்தங்கரையிலோ மொரப்பூரிலோ இருப்பவனுக்குப் புரியாதது. குறிஞ்சிக்கு உரிய பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் யாமத்தையும் தொல்காப்பியர் வகுத்ததும், மழைக்கு ஒதுங்கிய கோவலர் நெருப்பில் கைகாய்ச்சி நடுங்கும் காட்சியை நெடுநல்வாடையின் தொடக்கத்திலேயே நக்கீரர் வைத்ததும் தற்செயல் அன்று. வெப்ப நாட்டவர் என்று பெயர் வாங்கிய நமக்கும் குளிரோடு நெடுநாளைய பரிச்சயம் உண்டு.

வீட்டுக்குள்ளே எரியும் அடுப்பு இந்த ஏற்பாட்டின் இன்னோர் அங்கம். அதன் புகை மேலே எழுந்து, மூங்கிலில் உளுவும் புல்லில் பூச்சியும் பற்றாமல் காக்கிறது; பரணில் கட்டித் தொங்கவிட்ட விதைக்கதிர்கள் ஈரம் ஏறாமல் காய்ந்து கிடப்பதும் அதே புகையால்தான். இப்படிச் சொல்வதனால், பழைய வீடு ஒரு சுவர்க்கம் என்றும் அதைத் தொடாமல் பொருட்காட்சிசாலையில் வைப்பதுபோல் வைத்துவிட வேண்டும் என்றும் யான் வாதிப்பதாக யாரும் கருதிவிட வேண்டாம். கூரையைக் காக்கும் அந்தப் புகையே அடுப்படியில் குந்தியிருக்கும் பெண்ணின் மார்பை அரிக்கிறது. ஒரு பொறி பறந்தால் வளவு என்று சொல்லும் வீட்டுத்தொகுதி முழுதும் சாம்பலாகும் அபாயம் புற்கூரைக்கு எப்போதும் உண்டு. எலியைத் தேடிப் பாம்பு வந்து நுழைவதற்கு அதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. சில வருஷங்களுக்கு ஒருமுறை புதிதாக வேய்ந்தாக வேண்டிய பாரமும் சாமானியமானதன்று. கான்கிரீட் வீடு கேட்கும் மலைவாசி அறியாமையால் கேட்கவில்லை. இந்தத் தொல்லைகளையெல்லாம் அனுபவித்துச் சலித்துத்தான் கேட்கிறான். நகரத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து, அவன் குடிசையின் அழகை வியந்து கட்டுரை எழுதுவது எளிது.

வீட்டுக்கு அடுத்தபடி தானியம். மனிதனைக் கொல்லும் இயற்கையின் ஆயுதங்களில் வெயிலும் குளிரும் சிறியவை, பசியே பெரியது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம், அன்றைய சேலம் ஜில்லாவை, அதாவது இன்றைய தர்மபுரியையும் உள்ளடக்கிய நிலப்பரப்பை, மிகக் கொடூரமாகத் தாக்கப்பட்ட இடங்களில் ஒன்றாக்கியது சரித்திரம். சித்தேரியில் இன்றும் பிரதானப் பயிராக இருக்கும் சாமை, அத்தகைய காலங்களை நினைத்தே மனிதன் கைக்கொண்டதுபோல் அமைந்த தானியம்: மூன்று மாதத்தில் விளைந்துவிடும், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மண்ணே அதற்குப் போதும், மழை சற்றுப் பொய்த்தாலும் முற்றிலும் கைவிடாது, உமி நீங்காமல் குதிரில் இட்டு வைத்தால் வருஷங்கள் கடந்தும் பூச்சி தொடாது. குதிருக்குச் செம்மண்ணும் சாணமும் பூசுவது, தானியத்தோடு நொச்சி, வேம்பு முதலியவற்றின் இலைகளைக் கலந்து வைப்பது, சாமையோடு துவரையும் அவரையும் விதைத்து ஒன்று போனாலும் ஒன்று தேறும்படி பார்த்துக்கொள்வது, எதுவுமே தேறாத வருஷத்தில் காட்டில் கவலைக்கிழங்கு எங்கே கிடைக்கும் என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவைத்திருப்பது ஆகியவை எல்லாம் இன்ஷூரன்ஸ் என்ற சொல் மலையேறுவதற்கு முன்பே மலையில் இருந்த இன்ஷூரன்ஸ்கள்.

இப்போது சரிவுகளில் குச்சிக்கிழங்கு ஏறிவிட்டது. சேலத்துப் பக்கத்துச் சேகோ ஆலைகள் கொடுக்கும் ரொக்கத்திற்காக அதைப் பயிரிடுகிறவனைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளையின் படிப்புச் செலவை எந்தக் குதிரிலிருந்து எடுப்பது? ஆனால் விலை சரிந்த வருஷத்தில் ஆலைக் கிழங்கை மூன்று வருஷம் வீட்டில் வைத்துச் சாப்பிட முடியாது என்பதும், கிழங்கு பறித்த சரிவில் கிளறிவிடப்பட்ட மண் அடுத்த மழையோடு கீழே போய்விடுகிறது என்பதும் மறைக்க முடியாத உண்மைகள். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவிக்க, பட்டணத்து ஹோட்டல்களில் சாமைப் பொங்கல் ஏகமாய் மலிந்தது. அந்தச் சாமைக்குச் சித்தேரியின் களத்தில் கிடைத்த விலையைப் பற்றி அந்த ஹோட்டல்களில் பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை.

விளைந்ததைக் காப்பதும் ரட்சணையின் ஒரு பகுதியே. கொல்லையின் நடுவில் நாலு கால் நட்டு, மேலே பரண் கட்டி, இராமுழுதும் தீ மூட்டித் தகரம் தட்டிக் கூச்சலிட்டுப் பன்றியை விரட்டுவது, தினைப்புனம் காத்த சங்ககாலத்துக் குறிஞ்சிமகள் கிளியை விரட்டிய தொழிலின் நேர்வாரிசு. அதைப் பாடுகிறவர்கள் இல்லையே தவிர, அதன் கஷ்டத்தில் ஒன்றும் குறையவில்லை. கூரை வேயவும் புனம் காக்கவும் பிணம் சுமக்கவும் ஒரு வளவு முழுதும் ஒரே குடும்பமாய்த் திரண்டு வருகிற வழக்கத்தை இங்கே சேர்த்து எண்ண வேண்டும். அதைச் சுவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாச் சுவர்களையும் தாங்கி நிற்பது அதுதான்.

இனி அரசாங்கத்தின் பங்கு. குடிசைகளை ஒழித்து உறுதியான வீடு கட்டிக்கொடுக்கும் திட்டங்கள் மத்தியிலும் மாநிலத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன: 2010இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டம், 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடு, 2024இல் 360 சதுர அடியில், மூன்றரை லட்சம் ரூபாய் மானியத்தில், கலைஞரின் கனவு இல்லம். நோக்கம் உத்தமமானது, பலன் பெற்றோரும் ஏராளம். குறை எங்கே என்றால், திட்டம் பரப்பளவைச் சொல்கிறது, தொகையைச் சொல்கிறது, கூரை எதனால் ஆகவேண்டும் என்பதைச் சொல்கிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவருகிறது, விதைக்கதிரை எங்கே தொங்கவிடுவது, ஈரமான விறகை எங்கே உலர்த்துவது என்ற கேள்விகளைக் கேட்பதில்லை. அரூர்ச் சந்தையில் ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கொடுக்கும் விலை ஒன்று. அதே மூட்டை லாரி போகும் வழி முடிந்த இடத்திலிருந்து ஆள் தலையில் ஏறி வளவுக்குப் போய்ச் சேரும்போது ஆகும் விலை வேறு. ஆகவே பல இடங்களில், புது வீட்டின் பக்கத்திலேயே ஒரு பழைய பாணிக் கொட்டகையும் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் குடும்ப அட்டையும் தொலைக்காட்சிப் பெட்டியும் இருக்கும். கொட்டகையில் அடுப்பும் தானியமும் கிழவியும் இருப்பார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் அன்று. எகிப்தில் ஹசன் பாத்தி என்ற கட்டடக் கலைஞர், 1940களில் லக்ஸர் அருகே புதிய குர்னா என்ற கிராமத்தை, பரம்பரையான மண்செங்கல் முறையிலேயே, வெயிலுக்கு உகந்த கவிகை மாடங்களுடன் நிர்மாணித்தார். அழகிலும் சௌகரியத்திலும் அதற்கு இணையாகச் சொல்லக்கூடியவை சிலவே. ஆயினும் எந்தக் கிராமத்தாருக்காக அது கட்டப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேற மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய ஜீவனம் பழைய ஊரைச் சுற்றியிருந்த கல்லறைகளோடு பிணைந்திருந்தது. மண் நல்லதா கான்கிரீட் நல்லதா என்ற விவாதத்திற்கு முன்பாக, குடியிருக்கப்போகிறவனை யார் கேட்டார்கள் என்ற விவாதம் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயர், கேரளத்தில் புகழடைவதற்கு முன் இமயமலைச் சாரலில் பித்தோராகட் பக்கத்தில் பல வருஷங்கள் வாழ்ந்து, அங்கத்திய மக்கள் கல்லையும் மண்ணையும் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைப் பார்த்தே தமது கலையைக் கற்றார். மலைக்குக் கற்பிக்கப் போகிற பொறியியலாளர் எவரும் முதலில் ஒரு பருவமழையை அங்கே கழித்துவிட்டு வரைபடம் போடலாம்.

பழைய வீட்டை அப்படியே புதுப்பித்துக்கொள்ள விரும்புகிறவனுக்கும் வழி சுலபமாக இல்லை. கூரைக்கு வேண்டிய புல்லும் மூங்கிலும் காட்டில் இருக்கின்றன; காடு, 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் காலம் தொட்டு, மலைமக்களின் சொந்த வீட்டுக் கொல்லையாக இல்லை. சித்தேரி மலையின் அடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியின் பெயரை அறியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. சந்தனக் கட்டை கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி, 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் புகுந்து, பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததோடு, வீடுகளை இடித்து, தானியத்தை நாசமாக்கி, குடிநீர்க் கிணற்றையும் பாழ்படுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை 2023 செப்டம்பர் 29 அன்று உறுதிசெய்தது. கூரை, குதிர், கிணறு என்று அன்று அழிக்கப்பட்டவற்றின் வரிசையைப் பாருங்கள்: பல தலைமுறைகள் வெயிலுக்கும் மழைக்கும் பஞ்சத்திற்கும் எதிராக ஒரு ஊர் கட்டிவைத்த பாதுகாப்பு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. எந்தப் புயலும் செய்யாத வேலை அது.

இவ்வளவு சொன்ன பிறகும், சித்தேரி மலையின் மிகக் கடுமையான இயற்கை எது என்று கேட்டால், வெயிலையோ பனியையோ பன்றியையோ யான் சொல்லமாட்டேன், தூரத்தைச் சொல்வேன். சித்தேரி ஊருக்கு அரூரிலிருந்து பஸ் போகிறது. ஆனால் கலசப்பாடி, அரசநத்தம் போன்ற உள்மலை ஊர்களின் மக்கள், ஒழுங்கான பாதைக்காகப் பல்லாண்டுகளாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் துணியில் தூளி கட்டி, மூங்கிலில் மாட்டி, தோள்மாற்றித் தோள்மாற்றி வாச்சாத்திப் பக்கம் இறக்கியவர்கள். ஓடை பெருகிய நாளில் அந்தத் தூளியும் நின்றுவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டில் வந்து தேங்கியபோது, அரூரில் ஒரே நாளில் சுமார் 33 சென்டிமீட்டரும் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. ஒரு வருஷத்து மழையில் மூன்றில் ஒரு பங்கை ஓரிரவில் வாங்கிக்கொள்ளும் மலையில், ஒற்றையடிப் பாதையை நம்பியிருக்கும் ஊரின் கதி என்ன என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பருவமழையின் ஸ்வபாவம் மாறிவருவதாக விஞ்ஞானிகள் எச்சரிக்கும் இந்நாளில், இத்தகைய இரவுகள் இன்னும் வரக்கூடும்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். பச்சிலைகளின் அறிவில் சித்தேரி வைத்தியர்கள் தேர்ந்தவர்கள். அம்மலையின் மூலிகைகளைப் பற்றித் தாவர சாஸ்திரிகள் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டுவிரியனின் விஷத்திற்கு நம்பத்தகுந்த மருந்து நஞ்சுமுறிவு ஊசி ஒன்றுதான். அதற்குத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறவர்களும் பழங்குடிகளே. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்தத் தொழிலைச் செய்துவருகிறது. ஒரு பழங்குடியின் அறிவால் உண்டான மருந்து, இன்னொரு பழங்குடிக்குப் போய்ச் சேராமல் சாலை முடிந்த இடத்தில் நின்றுவிடுவதைப் போன்ற விபரீதம் உண்டா? 2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில், இதே மலையாளிக் குடியைச் சேர்ந்த ஒரு சிறு குழந்தை பாம்பு கடித்து இறந்ததும், சாலை இல்லாத காரணத்தால் பாதிவழியில் இறக்கிவிடப்பட்ட தாய், குழந்தையின் உடலைக் கையில் ஏந்திப் பல கிலோமீட்டர் நடந்ததும் நாடு முழுதும் பத்திரிகைகளில் வந்த செய்தி. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் 2008 முதல் ஓடுகிறது. சக்கரம் உருள வழி இருந்தால்தான் அது ஓடும்.

காட்டின் வழியே பாதை போடச் சட்டம் இடம் தராது என்று காலங்காலமாகச் சொல்லப்பட்ட சமாதானமும் இப்போது செல்லாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பள்ளி, மருத்துவச் சாலை, ரேஷன் கடை, சாலை முதலிய பதின்மூன்று வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த வனநிலத்தை, ஹெக்டேருக்கு எழுபத்தைந்து மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் சிபாரிசின்பேரில் ஒதுக்க வழிசெய்கிறது. காட்டுக்குப் பெரிய சேதம் விளைவிக்காத, ஒரு ஆம்புலன்ஸ் ஏறும் அகலமுள்ள, ஓடைகளின்மேல் சிறு பாலங்களைக் கொண்ட பாதையைத்தான் மலைமக்கள் கேட்கிறார்கள். எட்டுவழிச் சாலையை அல்ல. அதே சட்டம் சிறு வனமகசூலின்மேல் அவர்களுக்கு உரிமையும் வழங்குகிறது. கூரைக்குப் புல்லும் படலுக்கு மூங்கிலும் எடுப்பவனைத் திருடனைப்போல் நடத்துவதற்கு அதன்பின் நியாயம் எதுவும் இல்லை.

ஆகவே தர்மபுரி மாவட்ட நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டிய விண்ணப்பம் நீளமானதன்று. சித்தேரி ஊராட்சியின் ஒவ்வொரு சிற்றூரிலும், மழையில் துண்டிக்கப்படும் பாதை எது, பாலம் வேண்டிய ஓடை எது என்று கிராம சபையைக் கொண்டே பட்டியல் எடுத்து, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலையைத் தொடங்குங்கள். நஞ்சுமுறிவு ஊசியை மலையடிவாரத்தில் வைத்துக் காத்திராமல் மலைமேலேயே, அதைச் செலுத்தத் தெரிந்த மருத்துவரோடு, இரவும் பகலும் கிடைக்கச் செய்யுங்கள். வீட்டுத் திட்டத்தின் மூன்றரை லட்சத்தோடு தலைச்சுமைக் கூலியைத் தனியாகச் சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பக்கம் வாசல், எவ்வளவு உயரத்தில் மேடை, கூரைக்குமேல் புல் வேய்வதா வேண்டாமா என்பவற்றை அந்த வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டு, அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்.